புகையை எடை போட்டால் போதுமா?



காற்று மாசு என்றதும் நமக்கெல்லாம் டெல்லிதான் ஞாபகத்துக்கு வரும். கொற்கைப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். "இங்க என்னலே கேடு? கடக்காத்து, வாழத்தோட்டம், பனங்காடு!" என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஊகம் வேறு, அளவு வேறு. நம்ம கடற்கரைக் காற்றையும் அளக்க வேண்டும், அதிலுள்ள கரியைத் தனியாக அளக்க வேண்டும் என்பதே என் கட்சி.

விறகும் டீசலும் நிலக்கரியும் அரைகுறையாக எரியும்போது புகையோடு கிளம்பும் நுண்ணிய கருந்துகள்தான் 'பிளாக் கார்பன்'. நுரையீரலின் அடிவரை போகும். வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கரியோ ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஆக, கரியைக் குறைத்தால் பலனை நாமே கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 பொருள்கள் இருக்கின்றன. ஈயம் உண்டு, அம்மோனியா உண்டு, கரி தனியாக இல்லை! தூசியை ஃபில்டரில் பிடித்து மொத்தமாகத்தான் கணக்குப் பார்க்கிறோம். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் இடம் பெற்றது. அங்கும் தூசிதான் கணக்கு. நம்ம பக்கத்துத் தூசியில் கடல் உப்பு, தேரிக்காட்டுச் செம்மண், அனல் மின் நிலையச் சாம்பல் எல்லாம் கலந்து கிடக்கும். தராசுக்கு உப்பும் ஒன்று, கரியும் ஒன்று. நம் நெஞ்சுக்கும் அப்படியா?

கரியைப் பிரித்துக் காட்ட 'ஏத்தலோமீட்டர்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு பம்ப் காற்றை இழுத்து ஃபில்டர் டேப் வழியே விடும். டேப்பில் கரும்புள்ளி விழும். மேலே விளக்கு, கீழே ஒளி உணரும் சென்சார். புள்ளி கறுக்கக் கறுக்க ஒளி குறையும், அந்தக் குறைவிலிருந்து கரியின் அளவு வரும். ரொம்பக் கறுத்துப்போனால் டேப் தானே நகர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. நம்ம லேபில் படிக்காத தத்துவம் இதில் ஒன்றுமில்லை.

"அதை ஊருக்குள் வைக்காமல் ஆளில்லாத கடற்கரையில் எதுக்குப்பா?" என்று கேட்கலாம். பஸ் ஸ்டாண்டு வாசலில் வைத்தால் அந்த பஸ்களின் புகைதான் தெரியும். பக்கத்தில் புகையே இல்லாத இடத்தில் வைத்தால்தான் காற்று எங்கிருந்து எதைக் கொண்டு வருகிறது என்பது பிடிபடும். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டிலேயே இப்படி அளந்தார்கள். பகலில் கடற்காற்று வீசும்போது கரி குறைந்தது. இரவில் நிலக்காற்று திரும்பியதும் ஏறியது. மாலத்தீவின் காஷிதூ தீவில் 1999-இல் இன்டோயக்ஸ் ஆய்வு நடந்தது. பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத அந்தத் தீவின் வானத்திலும் ஆசியக் கண்டத்துப் புகை மண்டிக் கிடந்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வீ. ராமநாதன். நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஆகவே கடற்கரை என்றால் சுத்தம் என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது.

இதில் எனக்கு என்ன அக்கறை? எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பதனீர் காலம் முழுக்க எங்க அம்மா விடிலிக்குள் உட்கார்ந்து, ஓலையும் மட்டையும் எரித்துக் கருப்பட்டி காய்ச்சுகிறாள். வாங்க வருகிற வியாபாரியிடம் எத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. அம்மா குடித்த புகைக்கு எவரிடமும் கணக்கில்லை.

"அளந்தால் ஏழை அடுப்பின் மேல்தானே பழி விழும்?" என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் விறகுப் புகையும் டீசல் புகையும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. புற ஊதாப் பக்கம் விறகுப் புகை கூடுதலாக உறிஞ்சும். ஏழு அலைநீளங்களில் அளக்கும் கருவி வந்துவிட்டது. எது அடுப்பு, எது லாரி என்று அதை வைத்துக் கணித்துவிடலாம். அளவு இல்லாத இடத்தில்தான் இளைத்தவன் தலையில் பழி விழும்.

எனவே என் கோரிக்கை மூன்று. கரியையும் காற்றுத் தரப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் ஓர் அளவு நிலையம் வேண்டும். அதைக் கவனிக்கும் வேலைக்கு நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களைப் பழக்க வேண்டும். உப்புக் காற்றில் பம்ப் துருப்பிடிக்கும், கரண்ட் போகும், காற்றோட்ட அளவு மாறும். ஆய்வறிக்கை எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த மெஷினை நாள் தவறாமல் ஓட வைப்பது நம்ம வேலை, நண்பர்களே!

கொற்கையில் 1968-69-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுதான் அந்த ஊர் கி.மு. 785 அளவிலேயே இருந்தது என்று காட்டியது. மண்ணுக்குள் கிடந்த கரியைப் பொறுமையாக அளந்தார்கள், நமக்குப் பெருமை வந்தது. இன்று காற்றில் பறக்கிற கரியையும் அளப்போம். விடிலியில் இருக்கும் அம்மாமாருக்கு நல்ல மூச்சாவது வரட்டும்!

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் துறை