பெட்டி அதேதான், கேபிள் அதேதான்... நெட் மட்டும் ஏன் மாறிப்போச்சு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு மோடத்தில் சிவப்பு லைட். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவுக்கே நெட் கொடுக்கும் கேபிள் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, நெட் வரல."

"லைன் மாத்திக்கிட்டு இருக்கோம் தம்பி. வேற கம்பெனிக்குப் போறோம். மத்தியானத்துக்குள்ள வந்துரும். இனிமே ஸ்பீடு பிச்சுக்கும் பாருங்க!"

சொன்ன மாதிரியே மத்தியானம் வந்துவிட்டது. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் வரை 58 எம்பிபிஎஸ் காட்டிய இடத்தில் 94. அண்ணனுக்கு நன்றி சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடும் அனுப்பினேன். ராத்திரி 9 மணிக்கு அப்பா கூப்பிட்டார். "டேய், கடை கேமரா தெரிய மாட்டேங்குது." மேற்கு ரத வீதியில் இருக்கிற எங்கள் ஹார்டுவேர் கடைக்கும் அதே அண்ணன் லைன்தான். மறுநாள் ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் என் குரல் விட்டு விட்டு வருகிறது என்றார்கள். மறுபடி டெஸ்ட் போட்டேன். அதே 94!

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். டெஸ்ட்டில் நம்பர் ஏறியிருக்கும், ஆனால் நெட் முன்பு மாதிரி இருக்காது. யாரிடம் சொன்னாலும், "அதான் ஸ்பீடு நல்லாக் காட்டுதே?" என்பார்கள். உங்களுக்கும் பதில் சொல்லத் தெரியாது.

உங்க நெட் எங்கிருந்து வருது?

தெருவில் கேபிள் இழுப்பதும், வீட்டில் பெட்டி மாட்டுவதும், மாசா மாசம் காசு வாங்குவதும் உள்ளூர் ஆபரேட்டர். ஆனால் இணையம் அவருடையது இல்லை. மேலே ஒரு இணைய நிறுவனத்திடமிருந்து வாங்கி, வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார். அந்த நிறுவனம் பங்கைக் குறைத்தாலோ, இன்னொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றாலோ, அடிக்கடி பழுதானாலோ, அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவார். தெருக் கேபிள் அப்படியே இருக்கும். அதன் மறுமுனை மட்டும் வேறு நெட்வொர்க்கில் செருகப்படும்.

இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மழையில் கம்பம் ஏறுவது அவர்தான். அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்-லும் இன்று பல ஊர்களில் வீடுகளுக்கு ஃபைபர் கொடுப்பது இப்படி உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலமாகத்தான். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார்கள். நமக்குத் தெரிந்த லைன்மேன்கள் பலர் அன்றோடு போய்விட்டார்கள்.

நம் ஊர் பார்த்த மிகப் பெரிய நெட்வொர்க் மாற்றமும் பி.எஸ்.என்.எல்-லில் நடந்ததுதான். 0451 என்று தொடங்கும் நம்பர் வைத்திருந்த வீடுகளுக்கு நினைவிருக்கும். 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் வந்தது. டெலிபோன் பேசுகிற அதே செம்புக் கம்பியில் நெட்டும் ஓடியது. அன்று வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். பிறகு வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தொழில்நுட்பத்தில் 24 எம்பிபிஎஸ் வரை போகலாம் என்றார்கள். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு! செம்பில் தூரம் கூடக்கூட சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டில் ஒன்றிரண்டு வந்தாலே பெரிய விஷயம். போதாக்குறைக்கு ஐப்பசி மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் போனில் கரகரப்பு, நெட்டில் 'டிஸ்கனெக்டட்'.

அந்தச் செம்பு போய் ஃபைபர் வந்தபோது நடந்தது நிஜமான முன்னேற்றம். பழைய 0451 நம்பரை வைத்துக்கொண்டே மாற முடிந்தது. வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் ஒளி 20 கிலோமீட்டர் வரை போகும். எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருக்கும் வீட்டுக்கும் ஊர்க்கோடி வீட்டுக்கும் ஒரே வேகம். அதனால்தான் 'லைன் மாறினால் நெட் நல்லாயிடும்' என்ற நம்பிக்கை நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அன்று மாறியது கம்பி. இன்று உங்கள் அண்ணன் மாற்றுவது கம்பிக்கு அப்பால் இருப்பதை. இரண்டும் ஒன்றில்லை.

94 என்ற பொய்

பொய் என்பது கொஞ்சம் அதிகம்தான். பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு டெஸ்ட் ஆப் பொதுவாக உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது உங்கள் இணைய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். அதாவது, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடு எப்படி என்று மட்டும் அது சொல்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து சென்னைக்கு எத்தனை பஸ், எந்த வழி, கூட்டம் எப்படி என்பது அதில் வராது. நிறுவனம் மாறும்போது மாறுவது இந்த இரண்டாவது பாதிதான்.

பெரிய நெட்வொர்க்குகளுக்குள் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் வீடியோக்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களை வைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் படம் கடல் தாண்டி வருவதில்லை, பக்கத்திலிருந்தே வருகிறது. புதிய நிறுவனத்தில் யூடியூப்புக்கு அந்த வசதி இருந்து மற்றவற்றுக்கு இல்லாமல் போகலாம். அப்போது யூடியூப் பறக்கும், ஆபீஸ் வேலை தவழும். பாதையும் முக்கியம். திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் சுமார் 420 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி அதைப் போய்வர நான்கைந்து மில்லிசெகண்ட் போதும். நடுவில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் 10, 15 ஆகும். புதிய நெட்வொர்க் எல்லாவற்றையும் மும்பைக்குக் கொண்டுபோய்த் திருப்பினால் இது பல மடங்காகும். டவுன்லோடு செய்பவருக்கு அது தெரியாது. வீடியோ காலில் பேசுபவருக்கும் கேம் ஆடும் பையனுக்கும் உடனே தெரியும்.

அப்புறம் அந்த 94. உங்கள் டெஸ்ட் எப்போதும் 94, 95-ல் போய் நிற்கிறதா? அது நெட்வொர்க்கின் அளவாக இல்லாமல், உங்கள் பழைய ரூட்டரில் உள்ள 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் அளவாக இருக்கலாம். அதற்கு மேல் பிளானுக்குப் பணம் கட்டினால், முதலில் மாற்ற வேண்டியது ரூட்டர்.

சரி, எப்படித்தான் டெஸ்ட் போடுவது? பகல் 2 மணிக்குப் போட்டால் எல்லா நெட்டும் நல்ல நெட்தான். ராத்திரி 9 மணிக்குப் போடுங்கள். ஃபைபரில் ஒரே லைனை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் டிவி முன்னால் உட்காரும் நேரத்தில்தான் லட்சணம் தெரியும். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பில் கேபிளைச் செருகிப் போடுங்கள். சர்வரை ஆப் தேர்ந்தெடுக்க விடாமல் நீங்களே சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று மாற்றிப் பாருங்கள். சென்னையில் 90 காட்டி மும்பையில் 15 காட்டினால் விஷயம் புரிந்துவிடும். இன்னொன்று, எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. 8-ஆல் வகுத்தால்தான் நாம் ஃபைல் அளக்கும் எம்பி. 100 எம்பிபிஎஸ் லைனில் 1 ஜிபி படம் இறங்க எப்படியும் 80 வினாடி ஆகும்.

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆடாமல் வரும் 40, ஆடி ஆடி வரும் 100-ஐ விட மேல் என்பது என் கட்சி.

யாரும் பார்க்காத நம்பர்

டெஸ்ட் முடிவில் கீழே இன்னொரு எண் இருக்கும், அப்லோடு. நிறைய பேர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சேலையை விரித்துக் காட்டி நேரலையில் விற்பவர்களுக்குச் சோறு போடுவது அந்த எண்தான். பார்டர் மங்கலாகத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்? செம்புக் காலத்தில் டவுன்லோடு 8 வந்தாலும் அப்லோடு 1-ஐத் தாண்டாது. ஃபைபரில் இரண்டையும் ஏறக்குறைய சமமாகவே தர முடியும். ஆனால் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நெட்வொர்க் மாறும்போது பிளானும் மாறியிருக்கலாம். '100 எம்பிபிஎஸ்' என்று சொன்னவரிடம், "அப்லோடும் அதேதானாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது அப்பாவின் கேமராவுக்கு வருகிறேன். இது ஸ்பீடு விஷயமே இல்லை. பழைய நிறுவனம் எங்கள் கடை லைனுக்கென்று தனி ஐபி முகவரி கொடுத்திருந்தது. கடையில் இருக்கும் பழைய டிவிஆர் பெட்டியை வெளியிலிருந்து அந்த முகவரியை வைத்துத்தான் போன் கண்டுபிடிக்கும். பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. ஆசியாவுக்கான கையிருப்பு 2011-லேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்துவிடுகின்றன. ஒரே கதவு எண்ணில் ஐம்பது குடித்தனம் இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்? உங்கள் ரூட்டர் பக்கத்தில் வான் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்களும் பொதுக் கதவில்தான் இருக்கிறீர்கள். கிளவுட் வழியாக இயங்கும் புது கேமராக்களுக்கு இதனால் பிரச்னை இல்லை. பழைய பெட்டிக்காரர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நீங்க யாரோட கஸ்டமர்?

எனக்கு உறுத்துவது ஸ்பீடை விட இதுதான். மொபைலில் நெட்வொர்க் மாற வேண்டுமென்றால் நீங்களே 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும், குறியீட்டெண் வாங்க வேண்டும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கும் உரிமை அது. 2018-ல் ஏர்செல் படுத்தபோதுகூட, எந்த நெட்வொர்க்குக்குப் போவது என்று நாம்தான் முடிவு செய்தோம். வீட்டு நெட்டில் நாம் மாறுவதில்லை, நம்மை மாற்றிவிடுகிறார்கள். புது நிறுவனத்தின் பெயரே எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தபோது, என் ஆதார் நகலோடு அங்கே என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டிருந்தது. பழைய கணக்கில் நான் கட்டியிருந்த மோடம் டெபாசிட் என்ன ஆனது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிப்படி, உங்கள் நிறுவனம் புகாரைப் பதிவு செய்து ஒரு புகார் எண் தர வேண்டும். சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதற்கும் கட்டுப்பட்டவை என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'அன்லிமிடெட்' பிளானிலும் அளவு உண்டு, பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி. அந்த அளவைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதை முன்பே சொல்ல வேண்டும் என்பது 2016-லேயே டிராய் போட்ட உத்தரவு. ஆனால் இவை எல்லாமே நிறுவனத்தின் பெயரில் பில் இருந்தால்தான் வேலை செய்யும். அண்ணன் கையில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு, "சரிண்ணே" என்று சொன்னதற்கு ஏது பில்?

ஸ்பீடு குறைவு என்று மட்டும் புகார் கொடுத்தால் இன்னொரு சங்கடம். 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்டுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ்தான். நீங்கள் வாங்கியதும் '100 வரை' பிளான்தான். அந்த 'வரை' என்ற வார்த்தை ரொம்பச் சாமர்த்தியமானது. அதனால் லைன் மாறுவதற்கு முன்பே, நெட் நன்றாக ஓடும் ஒரு ராத்திரியில் டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு என்ன வந்தது என்று காட்ட உங்களிடம் வேறு ஆதாரம் எதுவும் இருக்காது. என்னிடம் இருந்ததும் அப்படி ஒன்றுதான். சும்மா நண்பனிடம் பீற்றிக்கொள்ள எடுத்தது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் மும்பை சர்வரில் எடுத்த புது டெஸ்ட்டையும் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கம்பெனியிடம் பேசினார். நாலாவது நாள் வீடியோ கால் சரியானது. தனி ஐபி வேண்டுமென்றால் மாசம் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். அப்பா யோசித்துவிட்டு, கிளவுடில் ஓடும் புது கேமராவே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். பில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் வந்தது. டெபாசிட் பற்றி மறுபடி கேட்டதற்கு, "பழைய கம்பெனிக்காரன் எனக்கே பாக்கி வச்சிருக்கான் தம்பி" என்றார் அண்ணன். "அடுத்த தடவ லைன் மாத்துனா ஒரு நாள் முன்னாடியே சொல்லிர்றேன்."