மொட்டைத் தலையும் ஆடி வெயிலும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஏறுபவர்களில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் ஏராளம். சந்தனம் பூசுவது மரபு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் குளிர்ச்சி தருவது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. அதுவரை முடி மறைத்திருந்த தோல் வெயிலுக்குப் பழகாதது, சீக்கிரம் கன்றிவிடும். துண்டால் தலையை மூடுவதே முதல் காப்பு; கத்தி பட்ட கீறல் இல்லாத இடங்களில் சன்ஸ்கிரீனும் தடவலாம்.

மொட்டை போடாமல் ஏறுபவர்களில், சன்ஸ்கிரீன் முடியின் நிறத்தை மாற்றிவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. பல கிரீம்களில் உள்ள அவோபென்சோன், தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ கறை பிடிக்கும். இரும்புச்சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இது நேரலாம். கறுப்பு முடியில் அது தெரியாது. நரைத்த முடியிலும் வெள்ளை வேட்டியிலும்தான் தெரியும். அதுவும் மேலே படியும் கறைதான், நரை அல்ல. முடியின் மெலனினைச் சிதைத்துச் செம்பட்டையாக்குவது வெயிலேதான். ஆகவே நரைத்தவர்கள் அவோபென்சோன் இல்லாத, துத்தநாக ஆக்சைடு கிரீமை வாங்கி, முடியில் படாமல் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் முடி இறக்கும் கைக்குழந்தைகள் விஷயம் தனி: ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குக் கிரீம் வேண்டாம், பருத்திக் குல்லாயும் நிழலும் போதும், வெயில் ஏறுமுன் கீழே இறங்கிவிட வேண்டும்.