ஒன்று காணாதா?



புளியங்குளத்தில் மாதர் சங்கக் கூட்டமொன்று முடிந்து எல்லோரும் புறப்படும் நேரத்தில் ஒரு தாயார் என்னைத் தனியே கூப்பிட்டார். கணவரை யுத்தத்தில் இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்து வருபவர். “பிள்ளை, என்ரை மூத்தவனிட்டை ஒரு கிற்றார் இருக்கு. ஞாயிறு பூசைக்கு அதைத்தான் வாசிக்கிறவன். இப்ப இன்னொண்டு வேணுமெண்டு நிக்கிறான். ஒண்டு காணாதே? இருக்கிற கடனுக்குள்ளை இதென்ன விசர்?” என்று கேட்டார்.

அவருடைய கோபம் நியாயமானது. கையில் வரும் ஒவ்வொரு ரூபாவுக்கும் நாலு செலவு காத்திருக்கும் வீட்டில் இரண்டாவது கிற்றார் ஆடம்பரமாகத்தான் தெரியும். ஆனால் இசைக் கலைஞர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இந்தப் பிரச்சினை உண்டு. அவர்களிடம் ஒரு வாத்தியம் இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அது ஏன் என்பதை இந்த மாதம் ஆறுதலாகப் பார்ப்போம். வாத்தியம் இல்லாத வீட்டுச் சகோதரிகளுக்கும் இதில் விசயம் இருக்கிறது.

முதலில் எங்கள் குசினிக்குப் போவோம். மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, மரக்கறி காய்ச்சும் சட்டி வேறு. விரத நாளில் மீன் சட்டியை நாங்கள் அடுப்பில் வைக்கமாட்டோம். புட்டுக் குழலில் இடியப்பம் அவிக்க முடியாது. தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியிடம் சாதாரண இயந்திரம் ஒன்றும், துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லொக் இயந்திரம் ஒன்றும் இருந்தால் “ஏன் இரண்டு?” என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருப்பது எங்களுக்குத் தெரியும். வாத்தியங்களின் வேலை எங்களில் பலருக்குத் தெரியாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு காதுக்குத்தான் பிடிபடும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்கும் மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலா மரத்தைக் குடைந்து, இரண்டு பக்கமும் தோல் கட்டிச் செய்வது. பாடுபவரின் சுருதியோடு அதன் வலந்தலை சேரவேண்டும். சேராவிட்டால் பாட்டு ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமுமாக நிற்கும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையில் பாடுவார்கள். பெண்களின் குரல் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு என்று மேலே நிற்கும். மிருதங்கத்தின் விளிம்பில் கல்லையும் மரத்துண்டையும் வைத்துத் தட்டிச் சுருதியைக் கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். ஆண் குரலுக்குக் கட்டியதைப் பெண் குரலுக்கு இழுக்க முடியாது. இழுத்தால் தோல் கிழியும், அல்லது நாதம் செத்துப்போகும். அதனால்தான் தாழ்ந்த சுருதிக்குச் சுமார் 24 அங்குல நீளத்தில் பெரிய மிருதங்கமும், உயர்ந்த சுருதிக்குச் சுமார் 22 அங்குல நீளத்தில் சிறிய மிருதங்கமும் வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு மிருதங்கம் உள்ள ஊரில், அதுவும் பெரியதாக இருந்தால் என்ன நடக்கும்? பாட வரும் பெண் பிள்ளை தன் குரலைக் கீழே இறக்கிப் பாடவேண்டும். கீழ்ச் சுரங்கள் அவளுடைய தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். சபைக்குக் கேட்காது. “பிள்ளைக்குக் குரல் காணாது” என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழும்பிப் போவார்கள். பிள்ளையின் குரலில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய சுருதிக்கு மிருதங்கம் இல்லாததுதான் குறை.

பெண் பாட்டுக்குப் பக்கவாத்தியம் கிடைப்பது பெரிய மேடைகளிலும் இலகுவாக இருக்கவில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) நெடுங்காலம் பெண் பாடகிகளுக்கு வாசிக்காமலே இருந்தார். பின்னர்தான் டி.கே. பட்டம்மாளுக்கு (1919–2009) வாசித்தார். அங்கே தடை மனதில் இருந்தது. எங்கள் ஊர்களில் மனம் இருந்தாலும் சின்ன மிருதங்கம் இல்லாமல் போகிறது.

மற்ற வாத்தியங்களிலும் இதே கதைதான். புல்லாங்குழலில் துளை போட்ட பின் அதன் ஆதார சுருதியை மாற்ற முடியாது. ஆகவே குழல் வித்துவான்கள் பல அளவுக் குழல்களைப் பையில் கொண்டுதான் கச்சேரிக்கு வருவார்கள். நாதஸ்வரத்தில் குட்டையான திமிரிக்கு உயர்ந்த சுருதி, நீளமான பாரிக்குத் தாழ்ந்த சுருதி. பாரி நாதஸ்வரத்தைப் பெயர்பெறச் செய்தவர் திருவாவடுதுறை ரி.என். ராஜரத்தினம்பிள்ளை (1898–1956). கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தின் மேற்பகுதியில் நூலில் சில சீவாளிகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஊதும் சீவாளி பழுதானால் உடனே மாற்றுவதற்காக அவை தொங்குகின்றன. சுவாமி வீதியில் நிற்கும்போது மேளத்தை நிறுத்திவிட்டுத் திருத்தப் போக முடியாதே.

இனிக் கிற்றாருக்கு வருவோம். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களோடு எங்கள் வீடுகளுக்கும் பழக்கமான வாத்தியம் இது. இதிலும் இனங்கள் உண்டு. நைலோன் நரம்பு பூட்டிய கிற்றார் மென்மையாக ஒலிக்கும். இரும்புக் கம்பி பூட்டியது பலர் சேர்ந்து பாடும்போதும் கேட்கும். ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது. நைலோனுக்கென்று செய்த கிற்றாரில் இரும்புக் கம்பி பூட்டினால், அந்த இழுவை தாங்காமல் கம்பி பூட்டும் பலகையே பெயர்ந்து வந்துவிடும். மின்சாரக் கிற்றாருக்கு ஒலிபெருக்கி வேண்டும். பேஸ் கிற்றாருக்குப் பொதுவாக நாலு தடித்த கம்பிகள். அது பாட்டின் அடியில் நின்று தாங்கும் சத்தத்தைத் தரும்.

ஆனால் சுருதிக்காக மட்டும் இன்னொரு கிற்றார் தேவையில்லை. கிற்றாரின் கழுத்தில் பூட்டும் கேப்போ என்ற சின்னக் கவ்வி ஒன்று போதும். அதைப் பூட்டினால் சுருதி மேலே போகும். கம்பி அறுமென்று பயமிருந்தால் மேலதிகமாக ஒரு தொகுதிக் கம்பி வாங்கி வைக்கலாம். கச்சேரி மேடையில் கம்பி அறுந்தால் மாற்றிச் சுருதி சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால்தான் தொழில்முறைக் கலைஞர்கள் இன்னொரு கிற்றாரைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஞாயிறு பூசையில் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவற்றைச் சொல்லிவிட்டு, “தம்பியிட்டை ஒருக்கா கேளுங்கோ அம்மா, புதுசு என்ன வேலை செய்யுமெண்டு” என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லை, அவனைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது ஒரு தொழில் வாய்ப்பு. இருப்பதைப் போலவே இன்னொன்று, ஆனால் நிறம் வடிவு என்றால் அது ஆசை.

ஆசை பிழையென்று நான் சொல்லவில்லை. உலகப் புகழ் பெற்றவர்களும் அப்படித்தான். பிங்க் புளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 120க்கும் மேற்பட்ட கிற்றார்களை 2019 ஜூனில் நியூயோர்க்கில் ஏலத்தில் விற்றார். 2 கோடி டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தைச் சுற்றாடலுக்காக வழக்காடும் தொண்டு நிறுவனமொன்றுக்குக் கொடுத்தார். இன்னொரு பக்கம், அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ஆம் ஆண்டளவில் வாங்கிய நைலோன் நரம்புக் கிற்றார் ஒன்றையே பல பத்தாண்டுகளாக மேடையில் வாசித்து வந்தார். விரல் பட்டுப் பட்டு அதன் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஒன்றோடு வாழ்ந்தவரும் உண்டு, நூறோடு வாழ்ந்தவரும் உண்டு. எண்ணிக்கையை வைத்து ஆளை அளக்க முடியாது.

பி.பி. கிங் என்ற கறுப்பினக் கலைஞரின் கதை எங்களுக்கு இன்னும் கிட்டவானது. 1949-இல் அவர் வாசித்துக்கொண்டிருந்த மண்டபத்தில், குளிருக்காக மண்ணெண்ணெய் எரித்து வைத்திருந்த பீப்பாவை இரண்டு பேர் சண்டையில் தட்டி விழுத்தித் தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்தவர், கிற்றார் உள்ளே கிடப்பதை நினைத்துத் திரும்ப நெருப்புக்குள் போய் எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று பிறகு அறிந்தார். இனி அப்படியொரு மடைத்தனம் செய்யக்கூடாது என்று தனக்கு நினைவூட்டுவதற்காக, அதன் பின் தன்னிடம் இருந்த கிற்றார்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார். 1997-இலும் 2008-இலும் கூரைத் தகரத்தையும் தையல் மெசினையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்ட எங்களுக்கு அந்த மனிதரின் பதற்றம் விளங்கும். பிழைப்புக்கான பொருளை விட்டுவிட்டுப் போக மனம் வராது.

இங்கே ஒரு சகோதரியின் கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் மிருதங்கம் பழக்கியவர். பாதை திறந்திருந்த காலத்தில் இரண்டு மிருதங்கங்களைத் தோல் கட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் கொடுத்துவிட்டு வந்தார். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. எடுக்கப் போக முடியவில்லை. கையில் மிஞ்சியிருந்த மிருதங்கம் இடப்பெயர்வில் போயிற்று. 2009-இல் கணவரும் போய்விட்டார். மீளக்குடியமர்ந்த பிறகு சகோதரி யாழ்ப்பாணம் போனபோது, தோல் கட்டுபவர் இரண்டையும் துணியால் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

மகன் அவற்றில் பழகி வளர்ந்தான். சில ஆண்டுகளுக்கு முன் வாராந்தக் கடன் ஒன்று கழுத்தை நெரித்தபோது உறவினர்கள் சொன்னார்கள்: “இவனுக்கு ஒண்டு காணும். சின்னதை வித்துப்போட்டு அவர் வாசிச்ச பெரிசை வைச்சிருங்கோ.” அவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கணவரின் கை அதிகம் பட்டது பெரியதில்தான். ஆனால் அவசரப்படவில்லை. எந்த மிருதங்கம் எந்த நிகழ்ச்சிக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வரும்படி மகனிடம் சொன்னார். திருவிழாக் காலம் முடிந்து கணக்குப் பார்த்தபோது சின்னதுதான் கூடுதலாக வெளியே போயிருந்தது. அவனைப் பெரும்பாலும் கூப்பிட்டது பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு. அங்கே பாடியவர்கள் அநேகமாகப் பெண்கள்.

சகோதரி பெரியதை விற்றார். கணவரிடம் முன்பு பழகிய மாணவர் ஒருவர் வாங்கிப் போனார். கடனில் ஒரு பகுதி தீர்ந்தது. “அவர் ரெண்டாந்தரம் வீட்டை விட்டுப் போனமாதிரி இருந்துது” என்று என்னிடம் சொன்னார். ஆண் பாடகருக்கு வாசிக்க வேண்டி வந்தால் மகன் இன்றும் இரவல் மிருதங்கம்தான் தேடுகிறான். நட்டம் இல்லாத முடிவென்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் உழைக்கிற பொருளை விற்று நினைவுப் பொருளை வைத்திருந்தால், அடுத்த கடனுக்கு அந்த நினைவுப் பொருளும் போயிருக்கும்.

வாத்தியமோ தையல் மெசினோ தண்ணீர்ப் பம்போ, இரண்டாவதை வாங்கவோ விற்கவோ முன்னர் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, இருக்கிற பொருளால் செய்ய முடியாத வேலையை மற்றது செய்யுமா?

இரண்டாவது, அந்த வேலைக்கு மாதத்தில் எத்தனை தரம் கூப்பிடுகிறார்கள்? மனக்கணக்குப் போடாமல் இரண்டு, மூன்று மாதத்துக்குக் கொப்பியில் குறியுங்கள்.

மூன்றாவது, சின்னச் சாமான் ஒன்றால் அதே வேலையைச் சமாளிக்கலாமா? இரவல் வாங்கலாமா?

நான்காவது, கடன் எடுத்து வாங்குவதென்றால் அது யாருடைய பெயரில்? பொருள் மகனின் கையிலும் தவணை தாயின் தலையிலும் இருந்தால், வாங்கும் முன்பே இருவரும் இருந்து கதையுங்கள்.

வாழ்வாதார உதவிக்குப் படிவம் நிரப்பும்போது “மிருதங்கம் – 2” என்று மட்டும் எழுதினால், வாசிக்கும் அலுவலருக்கு ஒன்று மேலதிகமாகத்தான் தெரியும். “ஆண் சுருதிக்கு 1, பெண் சுருதிக்கு 1” என்று எழுதுங்கள். தையல் இயந்திரத்துக்கும் அப்படியே வேலையைச் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் ஊர் அறநெறிப் பாடசாலையிலோ கோயிலிலோ பொதுவாக ஒரு மிருதங்கம் இருந்தால், அது எந்தச் சுருதி என்று போய்க் கேட்டுப் பாருங்கள். பெரியது மட்டும்தான் என்றால், அடுத்த முறை வாங்கும்போது பெண் பிள்ளைகளின் சுருதிக்கு ஒன்று வாங்கும்படி கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள். “ஒண்டு காணும்தானே” என்று அங்கேயும் யாராவது சொல்வார்கள். ஆருக்குக் காணும் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.