மேல்காதும் கம்பளித் தொப்பியும்

அப்புத்தளையில் மேல்காது குத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பெரிய வசதி. குளிர் என்று சொல்லி நாள் முழுக்கக் காதை மூடிவைக்கலாம், ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. கம்பஸ் லீவில் நானும் அதைத்தான் செய்தேன். ஐந்தாம் நாள் காது சிவந்து வீங்கி, அந்தப் பக்கம் படுக்கவே முடியாமல் போனபிறகுதான் அம்மாவிடம் காட்டினேன். "வலிக்குதா?" என்று அம்மா கேட்கவில்லை. "யாரைக் கேட்டுக் குத்தின?" என்றுதான் கேட்டாங்க.

என் பிரச்சினை அந்தக் கேள்வியோடுதான்.

அப்பாயிக்கு மேல்காதில் இரண்டு ஓட்டை இருக்கு. கொப்பும் முருகும் போட்ட காது. நகை எப்பவோ அடகுக்குப் போய்விட்டது, ஓட்டை மட்டும் மிச்சம். கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறின காதுகள் அவை. ஆகவே இது டிக்டாக் கொண்டுவந்த பழக்கம் இல்லை. அதுக்காக 'அந்தக் காலத்துல ஒன்னும் ஆகல' என்றும் சொல்லமாட்டேன். எத்தனை காது பழுத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லையே.

காதுமடலின் கீழே இருப்பது வெறும் சதை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதுக்குள்ளே இரத்தக் குழாய் கிடையாது, மூடியிருக்கிற மெல்லிய சவ்வுதான் அதுக்குச் சாப்பாடு கொடுக்குது. அதனால்தான் ஆற மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் எடுக்கும். கிருமி புகுந்து அந்தச் சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் எலும்பு பட்டினி கிடந்து செத்துப்போகும். அப்புறம் காது சுருங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும்.

நகைக்கடையில் 'டக்' என்று அடிக்கிற துப்பாக்கி மேல்காதுக்கு ஆகாது. குருத்தெலும்பை அது நசுக்குது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கொதிக்கிற நீராவியில் சுத்தம் செய்யவும் முடியாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல்காது குத்தியவர்களில் ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி உறுதியானது. கிருமிநாசினி அடித்த ஸ்பிரே போத்தலிலேயே அந்தக் கிருமி இருந்தது! ஊசியால் குத்துகிற ஆளைத் தேடுங்கள். வீங்குவதற்கு இடம் விடுகிற நீளமான கம்பியாகக் கேளுங்கள், டைட்டேனியம் கிடைத்தால் நல்லது.

குத்தினபிறகு வேலை கொஞ்சம்தான். கையைக் கழுவிவிட்டு, பாமசியில் கிடைக்கிற நோமல் சேலைனால் ஒரு நாளைக்கு இரண்டு தரம் நனைத்து, ஒற்றிக் காயவிடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசுறது அன்பான வைத்தியம்தான், ஆனால் ஓட்டையை அடைத்து அழுக்கைத்தான் சேர்க்கும். 'ஒட்டிக்காம இருக்க திருகி விடு' என்பார்கள், அதையும் கேட்காதீங்க. அந்தப் பக்கம் படுக்காதீங்க. தொப்பியைச் சொல்லவே வேண்டாம்: நூல் தோட்டில் மாட்டும், பனியில் நனைந்த கம்பளி காதோடு ஒட்டிக்கிடக்கும். நான் மறைக்க எடுத்ததே புண்ணைக் கெடுத்தது.

வெள்ளையாகக் கொஞ்சம் பொருக்குத் தட்டுவது சாதாரணம். காது சூடாகி, சிவப்புப் பரவி, தொட்டாலே துடிக்கிற மாதிரி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு அலமாரியில் மிச்சம் கிடக்கிற அமொக்ஸிசிலினைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீங்க. சூடோமோனாஸுக்கு அது வேலை செய்யாது, நாள்தான் போகும். தோட்டைக் கழற்றுவதா விடுவதா என்பதையும் டாக்டர் சொல்லட்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஆனாலும் எங்களில் பலர் தாமதமாகத்தான் போகிறோம். காசும் இல்லை, தூரமும் இல்லை, வீட்டில் விழப்போகிற ஏச்சுதான் காரணம். தம்பிமார் நிலைமை இன்னும் மோசம், 'பொம்பளையாடா நீ' என்பதையும் சேர்த்துக் கேட்கணும்.

அம்மா, ஏசுங்க. ஆனால் முதலில் தொப்பியைக் கழற்றிக் காதைப் பாருங்க. சூடா இருக்கா என்று தொட்டுப் பாருங்க. ஏச்சை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம்.