மாடி இல்லாதவர்க்குச் சூரியன் இல்லையா?

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தின் மதிப்பீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கோடி வீடுகளின் மாடியில் சூரிய மின்தகடுகள். மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் என்பதே முழக்கம். நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருக்கும் நாட்டில் சூரிய மின்சாரம் பெருக வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால், மக்களின் வரிப்பணம் யாருடைய மாடிக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியைத் தவிர்க்கவும் முடியாது.

தகடு பொருத்தத் தக்க மாடியுள்ள சொந்த வீடும் மின் இணைப்பும் இத்திட்டத்தில் சேர அடிப்படைத் தகுதிகள். 3 கிலோவாட் அமைப்புக்கு அரசு நிர்ணயித்த அடிப்படைச் செலவு 1,45,000 ரூபாய். மானியம் 78,000 ரூபாய். மீதி 67,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்தோ கடனாகவோ திரட்ட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் வாடகை வீட்டில் வாழ்கின்றன. ஆறரைக் கோடிப் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர். தகரக் கூரையின் கீழ் வெயிலில் வேகிறவர்களுக்கு அதே வெயிலிலிருந்து ஒரு யூனிட்கூடக் கிடைப்பதில்லை.

அநீதி இத்தோடு நிற்கவில்லை. வசதி படைத்தோர் சொந்த மின்சாரத்துக்கு மாறும்போது, மின்வாரியங்களுக்கு உயர் கட்டணம் செலுத்துவோர் குறைகின்றனர். ஆனால், கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு குறைவதில்லை. அச்சுமை, வலைப்பின்னலை விட்டு விலக இயலாத ஏழைகளின் மீதே இறங்கும்.

மாற்று இல்லாமல் இல்லை. பொதுவான ஓரிடத்தில் தகடுகளை நிறுவி, உற்பத்தியாகும் யூனிட்டுகளை உறுப்பினர்களின் மின் கட்டணத்தில் பங்குவாரியாகக் கழித்துக்கொடுப்பதே சமூகச் சூரிய மின்சாரம். டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. ஒன்றிய அரசுத் திட்டத்தின் வழிகாட்டுதல்களிலும் இம்முறைக்கு இடம் உண்டு. எனினும் அது ஏட்டில் திறந்த கதவாகவே உள்ளது. விளம்பரமும் இலக்கும் தனி வீடுகளையே சுற்றி வருகின்றன.

ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அரசுப் பள்ளி, ரேஷன் கிடங்கு, பேருந்துப் பணிமனை போன்றவற்றின் கூரைகளில் 100 கிலோவாட் நிறுவினால் மாதம் ஏறத்தாழ 12,000 யூனிட் கிடைக்கும். அதாவது, 120 குடும்பங்களுக்குத் தலா 100 யூனிட். வாடகைதாரர் அதே மின் விநியோக எல்லைக்குள் வீடு மாறினால், தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பங்கு புதிய இணைப்போடு சேர்க்கப்பட்டால் போதும்.

ஆனால் அந்த இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் வீட்டு உரிமையாளரின் பெயரில். துணை மீட்டர் வைத்து, அரசுக் கட்டணத்தைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு வசூலிக்கப்படுவது நகரத் தொழிலாளர்கள் அன்றாடம் அனுபவிக்கும் சுரண்டல். வாடகைதாரர்களுக்கெனத் தனி முன்பண மீட்டர் வழங்கும் திட்டத்தை டில்லி அரசு 2019இல் அறிவித்தது. தன் பெயரில் மீட்டர் பெறும் உரிமை இல்லாமல் சூரிய மின்சாரத்தில் பங்கு என்பது வெறும் பேச்சே.

உடைமை குறித்த கேள்வியும் முக்கியமானது. தனியார் நிறுவனம் தகடு நிறுவி, சந்தா வசூலித்து, லாபம் ஈட்டினால் அது ‘சமூக’ மின்சாரம் ஆகாது; மின் விநியோகத்தில் தனியார் நுழையும் புறவாசலாகவே முடியும். குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில், சூரிய பம்புசெட் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை அரசு மின் நிறுவனத்துக்கு 2016 முதல் விற்றனர். உழுபவர்களுக்குச் சாத்தியமானது நகர உழைப்பாளிகளுக்கும் சாத்தியமே.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: மானியத்தில் ஒரு பகுதி மாடியற்றோருக்கென ஒதுக்கப்பட வேண்டும், பொதுக் கட்டிடங்களின் கூரைகளில் மின்வாரியங்களோ கூட்டுறவுகளோ தகடுகளை நிறுவ வேண்டும், ஏழைக் குடும்பங்களிடம் முன்பணம் கேட்கக் கூடாது, வாடகைதாரருக்குத் தனி மீட்டர் உரிமையாக்கப்பட வேண்டும். மின்சாரத் தனியார்மயத்தை எதிர்த்து நடக்கும் இயக்கங்கள் குடிசைப் பகுதிகளுக்கும் வாடகைக் குடியிருப்புகளுக்கும் இக்கோரிக்கைகளைக் கொண்டுசெல்ல வேண்டும். சூரியன் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அதன் ஒளியில் விளையும் மின்சாரமும் அவ்வாறு ஆகிவிட அனுமதிக்கக் கூடாது.