வீட்டு வைத்தியம்: தலை பாரமா? நொச்சி இருக்கிறது!

செஞ்சிப் பக்கம் தளவானூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "மார்கழி வந்தால் மூக்கடைப்பு, நெற்றி பாரம். குனிந்து கோலம் போட முடியவில்லை. எட்டு மாதக் குழந்தைக்கும் மூக்கடைக்கிறது. குளிப்பாட்டும்போது மாமியார் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். சரிதானா?"

சகோதரி, இதை ஆயுர்வேதத்தில் பீனசம் என்பார்கள். வேலியோரத்து நொச்சி இலை இரண்டு கைப்பிடி, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அடுப்பை விட்டு இறக்கி, சற்று ஆறியதும் 5 நிமிஷம் ஆவி பிடியுங்கள். சளி இளகும், பாரம் குறையும். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடலாம்; கண்ணில் படக்கூடாது. தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டுங்கள். மூக்கில் தைலம் விடும் நசியம், வைத்தியர் பார்த்துச் செய்ய வேண்டியது.

குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம். ஆவிப் பாத்திரம் கவிழ்ந்தால் பிஞ்சு உடம்பு வெந்துபோகும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். அத்தையிடம் இதமாக எடுத்துச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். அளவை டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்களுக்கும் கண்ணைச் சுற்றி வீக்கமோ கடும் காய்ச்சலோ வந்தால், நொச்சியை நம்பி உட்காராதீர்கள்!