பீட்ரூட் ஜூஸும் நம் வீட்டுப் பெண்களின் ரத்தமும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

இந்த வாரம் மட்டும் ஒரே செய்தி நம் குழுக்களில் மூன்று முறை வந்துவிட்டது. "ஏழே நாளில் ரத்தம் ஊற பீட்ரூட், மாதுளை, பேரீச்சை. மாத்திரை வேண்டாம், டாக்டர் வேண்டாம்" என்று. அதற்குக் கீழே கைகூப்பி நன்றி சொன்னவர்களில் நான்கு பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் எந்த உறவும் கிடையாது. பீட்ரூட்டுக்கு நிறம் கொடுப்பது பீட்டாலைன் என்ற நிறமி. ரத்தத்துக்கு நிறம் கொடுப்பது இரும்பு சேர்ந்த ஹீமோகுளோபின். 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு சுமார் ஒரு மில்லிகிராம். வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. கணக்கை நீங்களே போடுங்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோ! பீட்ரூட் நல்ல காய்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள். அதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு! படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, சாயங்காலமானால் முடியவில்லை என்பவளை நாம் என்ன சொல்கிறோம்? "எப்பப் பாரு படுத்தே கிடக்கா." நோய்க்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிட்டு, வைத்தியத்துக்கு ஒரு டம்ளர் ஜூஸ்.

இதைவிடப் பெரிய தவறு, ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு மட்டும்தான் என்று நினைப்பது. ஒரு செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். மண் பற்றவில்லை என்றால் கல் சின்னதாக வரும். மண் மலைபோல் கிடந்தும் கல் அறுக்கிற ஆள் வரவில்லை என்றால்? பெரிய பெரிய கட்டியாகக் கிடக்கும், கல் எண்ணிக்கை தேறாது. எலும்பு மஜ்ஜையிலும் இதே கதைதான். இரும்பு என்பது மண். ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-ம் கல் அறுக்கிற ஆட்கள். அவை இல்லையென்றால் செல்கள் ஒழுங்காகப் பிரியாது. ஊதிப் பெருத்து, பாதி மஜ்ஜையிலேயே வீணாகிவிடும். ஆள் வராத சூளையில் மேலும் மேலும் மண்ணைக் கொட்டி என்ன பயன்?

இது நம் நாட்டிலேயே கண்டறிந்த உண்மை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். கிருமிதான் காரணமோ என்று முதலில் தேடினார், இல்லை. சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று புரிந்தது. நம் குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும் ஆய்வு செய்தார். கடைசியில் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் அதை வெளியிட்டார். 1941-ல் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம். பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கும் நீல மாத்திரையில் இரும்போடு இருப்பதும் அதுவே. அந்த மாத்திரையை வகுப்பறை ஜன்னல் மேட்டிலும் பூச்செடித் தொட்டியிலும் நான் எத்தனை முறை பொறுக்கியிருக்கிறேன்! "சூடு டீச்சர், அம்மா சாப்பிட வேண்டாம்னு சொன்னாங்க" என்பார்கள். வயிற்றைக் கொஞ்சம் புரட்டலாம், மலம் கறுப்பாகப் போகலாம். அதற்குப் பயந்து தூக்கி எறிகிற பொருளா அது?

அடுத்தது பி12. சைவ உறவுகள் கோபித்துக்கொள்ளாமல் படிக்கவும். இந்தச் சத்தைச் செடியும் செய்யாது, மிருகமும் செய்யாது. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்யும். நமக்கு அது மீன், கறி, ஈரல், முட்டை, பால், தயிர் வழியாகத்தான் வருகிறது. கீரையிலோ பழத்திலோ நம்பத்தக்க அளவு கிடையாது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை நம்பி இருக்க முடியாது. நானும் பழைய சோறு சாப்பிடுகிறவள்தான். அது நல்ல உணவு, பி12 மருந்து அல்ல. சைவத்தை விடச் சொல்லவில்லை. பால், தயிரை ஒழுங்காகச் சேருங்கள். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கறி சாப்பிடுகிறவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை போடுபவர்களுக்கும் பி12 குறையலாம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரியச் சில வருஷங்கள்கூட ஆகும். பிறகு கால் மரக்கும், எரியும், நடை தள்ளாடும், மறதி வரும். "வயசாச்சு", "சுகர் இருக்குல்ல" என்று தள்ளிவிடுவோம். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பி12 குறைந்தவருக்கு வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்த எண்ணிக்கை சரியானதுபோல் காட்டும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். காலம் கடந்தால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாது. அதனால்தான் குத்துமதிப்பு வைத்தியம் கூடாது என்று கத்துகிறேன்.

"டீச்சர், நம்ம பாட்டிங்க என்ன டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கேட்கப் போகிறீர்கள். நீங்கள் பார்த்தது பிழைத்திருந்த பாட்டிகளை. பிரசவத்தில் போன பாட்டிகளை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், தாத்தாவுக்கு இரண்டாம் கல்யாணம் ஏன் நடந்தது என்று. பல வீடுகளில் பதில் கிடைக்கும்.

வீட்டுப்பாடம் இதுதான்.

1. முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காமல் எம்.சி.வி. என்ற வரியையும் டாக்டரிடம் கேளுங்கள். சிவப்பணுவின் அளவு அது. 80-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. 100-க்கு மேலே என்றால் பி12, ஃபோலிக் அமிலத்தின் மேல் சந்தேகம். இரண்டு பக்கமும் குறைந்திருந்தால் ஒன்றையொன்று மறைத்து நடுவில் நிற்கும். அதனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

2. ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள். அதிக மாதவிடாய், மூலம், குடற்புழு, வயிற்றுப் புண் எதுவாகவும் இருக்கலாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

3. கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் டீ, காபி வேண்டாம். அவை இரும்பைச் சேரவிடாது.

4. எண்ணிக்கை ஏறியதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள். ஏழு நாளில் எந்த ஜூஸும் அதைக் கட்டி முடிக்காது. டாக்டர் சொன்ன மாதங்கள் வரை சாப்பிடுங்கள்.

என் ஆண் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்டிக்குச் சர்வீஸ் தேதி உங்களுக்கு மனப்பாடம். உங்கள் மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு? அம்மாவுடையது? மகளுடையது? தெரியாதென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாதென்றால் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். நான் கமெண்டில் காத்திருப்பேன். பதில் சொல்லாதவர்களுக்குப் போனே போடுவேன்.